ஒரே மூச்சில் எத்தனை

'வீக்னஸ்' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். பெங்களூரில் தமிழ் பேசுகிறவர்கள் வீக்னஸ் என்பார்கள், கன்னடம் பேசுகிறவர்கள் சுஸ்து என்பார்கள், நாளடைவில் இரண்டு பேரும் இரண்டையும் சொல்வார்கள். எதைச் சொன்னாலும் தெருமுனை கிளினிக்கில் ஒரே வைத்தியம்தான், ஒரு குளுகோஸ் பாட்டிலை ஏற்றி அனுப்பிவிடுவார்கள். காய்ச்சலில் படுத்து எழுந்தவனுக்கு மாடிப்படியைப் பார்த்தால் அலுப்பாக இருப்பதும் வீக்னஸ். நேற்று வரை ஏறிய படியில் இன்று கால் எழும்பாமல் நிற்பதும் வீக்னஸ். முதலாவது ஓய்வெடுத்தால் சரியாகும். இரண்டாவதை ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பினால் ஆளே போய்விடலாம்.

நரம்பியல் வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். பாடம் நடத்த எனக்கு இஷ்டமில்லை. நோயின் பெயர், அதன் வகைகள், எந்தக் கிருமிக்குப் பின்னால் எது வரும் என்பதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்து வைத்திருப்பீர்கள். நான் ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அப்போது நான் துறையில் தலைவருக்கு அடுத்த இடத்தில் இருந்தேன். அடுத்த இடம் என்றால், அவர் ஊரில் இருக்கும்போது தலையாட்டுவதும் இல்லாதபோது தலையைக் கொடுப்பதும்.

அவள் பெயரை மஞ்சுளா என்று வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் ஜீவனஹள்ளிக்காரி. வயது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கர் வேலை. தைத்து வரும் சட்டைகளைத் திருப்பிப் பார்த்து, கோணல் தையல் இருந்தால் ஒதுக்கி, மிச்சத்தை எண்ணிக் கட்டுக் கட்டாக அடுக்க வேண்டும். கணவன் குமார் லாரி ஷெட்டில் மெக்கானிக். அவன்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். இரண்டு கிளினிக்குகளில் இரண்டு பாட்டில் ஏற்றியாகிவிட்டது.

"வீக்னஸ் சார்," என்றான் எங்கள் தலைவரிடம்.

"எழுந்துக்க மனசில்லையா, எழுந்துக்க முடியலையா?" என்று கேட்டார் தலைவர். அவர் கும்பகோணம் பக்கத்துக்காரர். பெங்களூருக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் அவருடைய கன்னடம் ஆட்டோக்காரருக்கு வலது இடது சொல்வதோடு நின்றுவிட்டது. ஆனால் கேள்வி கேட்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வீக்னஸ் என்ற சொல்லை நோயாளி வாயிலிருந்து பிடுங்கி, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடமாட்டார்.

முடியவில்லைதான். இரண்டு நாளாகப் பாதம் ஜிவ்வென்று இருந்தது. அன்று காலை கக்கூஸில் உட்கார்ந்தவள் எழ முடியாமல் சத்தம் போட்டு, குமார்தான் கதவைத் தள்ளித் தூக்கினான். தலைவர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் உதறவில்லை. மறுபடி தட்டினார். ஒன்றும் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதே தெரிந்துவிட்டது.

"போன மாசம் எப்பவாவது காய்ச்சல், சளி, வயித்தால போச்சா?"

மஞ்சுளா வெட்கப்பட்டுக் கணவனைப் பார்த்தாள். அவன்தான் சொன்னான். "என் தங்கச்சி கல்யாணத்துல பிரியாணி துன்னோம் சார். எல்லாருக்கும் புடுங்கிச்சு. அது அப்பவே சரியாப் போச்சே. அதுக்கும் இதுக்கும் என்னா?"

இந்தக் கேள்வியை உங்களிடம் வாழ்நாள் முழுவதும் கேட்கப்போகிறார்கள். வயிற்றுப்போக்கு சரியாகி, வேலைக்குப் போய், அதையே மறந்துவிட்ட பிறகுதான் இந்த நோய் வரும். அதனால் யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள், நாம்தான் தோண்ட வேண்டும். குமாருக்கு நான் சொன்ன பதிலையே இங்கேயும் எழுதுகிறேன். வயிற்றுக்குள் வந்த கிருமியை அடிக்க உடம்பு ஆட்களைத் தயார் செய்கிறது. அந்தக் கிருமியின் மேல்தோலும் நம் நரம்பின் மேலுறையும் பார்க்க ஒரே மாதிரி இருந்துவிட்டால், கிருமி ஒழிந்த பிறகும் அந்த ஆட்கள் ஓயாமல் நரம்பை அடிக்க ஆரம்பிப்பார்கள். காலில் தொடங்கி மேலே ஏறும். மூச்சுத் தசை வரைக்கும் போகலாம். பிறகு தானாகவே அடங்கி, நரம்பு மெல்ல மெல்லத் தழைக்கும். அதுவரை ஆளைக் காப்பாற்றி வைத்திருப்பதுதான் நம் வேலை.

அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எல்லாரும்தான் துன்னோம் மேடம். இவளுக்கு மட்டும் ஏன்?" என்றான். அவன் வீட்டில் யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியிருந்தது. சாப்பாட்டில் எதையோ கலந்து ஆளை முடக்கிவிடுவார்கள் என்கிற நம்பிக்கைதான். தங்கையைக் கொடுத்த சம்பந்தி வீட்டு வாசலில் போய்ச் சண்டையும் போட்டுவிட்டு வந்திருந்தான். யார் உடம்பில் இந்தத் தப்பு நடக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, யாரும் வைத்து வருவதில்லை என்று அவனுக்குப் புரிகிறவரை சொன்னேன். அதற்குச் செலவான நேரத்தை வீண் என்று நினைக்காதீர்கள். எதனால் வந்தது என்று தெரியாத குடும்பம், யாரால் வந்தது என்று தேடிக்கொண்டு போய்விடும்.

அன்று மஞ்சுளா தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டாள். பயம் முழுவதும் மூச்சைப் பற்றித்தான். ஊதிப் பார்க்கிற கருவி எங்களிடம் இருந்தது. ஆனால் அவளுக்கு முகத்தின் இரண்டு பக்கமும் தளர்ந்துபோய் உதடு குவியவில்லை. குழாயைக் கவ்வ முடியாமல் காற்று ஓரமாக ஓடியது. அதனால் தலைவர் பழைய வழிக்குப் போனார். நன்றாக மூச்சை இழுத்து, விடாமல் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வது. ஒரே மூச்சில் எத்தனை வரை போகிறது என்று பார்ப்பது. எண்ணிக்கை இறங்கினால் மூச்சுத் தசை களைக்கிறது என்று அர்த்தம்.

"எண்ணும்மா," என்றார் தலைவர்.

மஞ்சுளா கூரையைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாக, பரீட்சையில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி எண்ணினாள். இருபத்திரண்டில் நின்றாள். பரவாயில்லை, கவனமாகப் பார்ப்போம் என்றார் தலைவர். எங்களிடம் சும்மா இருந்த ஒரே வென்டிலேட்டரை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். இன்னொன்று ஏற்கெனவே ஒரு தலைக்காயக்காரருக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டே இரண்டுதான் எங்கள் சொத்து.

மறுநாள் தலைவர் தேர்வாளராக மைசூருக்குப் போய்விட்டார். மதியம் மாடியிலிருந்த அறுவைச் சிகிச்சைப் பிரிவிலிருந்து ஆள் வந்தது. குடலில் ஓட்டை விழுந்து சீழ் பரவிய ஒரு பெரியவரை அவசரமாகத் திறந்திருக்கிறார்கள். முடித்த பிறகு அவரால் தானாக மூச்சு விட முடியாது, வென்டிலேட்டர் வேண்டும் என்றார்கள்.

நான் மஞ்சுளாவின் கட்டிலுக்குப் போனேன். அங்கே ஹாசன் பக்கத்துப் பெண்ணான எங்கள் சிஸ்டர் அப்போதுதான் அவளை எண்ண வைத்து முடித்திருந்தாள். சிஸ்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"மேடம், இப்பத்நால்கு! நின்னெகிந்த ஜாஸ்தி."

இருபத்திநான்கு. நேற்றைவிட அதிகம். எனக்கும் சந்தோஷம்தான். மைசூருக்குப் போன் போட்டு, தேர்வுக் கூடத்திலிருந்து தலைவரை வரவழைத்துச் சொன்னேன். "இருபத்திநாலா? அப்போ ஏறுது. சர்ஜரிக்குக் குடுத்துடும்மா. அங்க அவசரம்," என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. நேற்று இருபத்திரண்டு, இன்று இருபத்திநான்கு. ஏறுகிற நோயாளிக்காக ஒரு யந்திரத்தைச் சும்மா நிறுத்தி வைத்துக்கொண்டு, மாடியில் ஒருவரைச் சாகவிட முடியாது.

யந்திரத்தின் இணைப்பைப் பிடுங்கினார்கள். சக்கரத்தில் தள்ளிக்கொண்டு வாசல் வரை போயாகிவிட்டது. குழாய், இணைப்பு, வடிகட்டி என்று அதனோடு போகிற சாமான்களை எண்ணிக் கொடுப்பது எங்கள் வழக்கம், ஏனென்றால் சர்ஜரிக்குப் போனது எதுவும் போனபடி திரும்பியதில்லை. நான்தான் நின்று எண்ணிக் கொடுத்தேன். ஒந்து, எரடு, மூரு, நால்கு...

அங்கே என் வாய் நின்றுவிட்டது.

நான் பெங்களூர் மல்லேஸ்வரத்துக்காரி. தாத்தா காலத்திலேயே மைசூர் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் சண்டை, கொஞ்சல், சாமி எல்லாம் தமிழில்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் கன்னடத்தில் கூட்டிக் கழித்து வளர்ந்ததால் கணக்கு மட்டும் எனக்குக் கன்னடத்தில்தான் வரும். குக்கர் விசிலைக்கூட அதில்தான் எண்ணுவேன். தமிழில் எண்ணச் சொன்னால் எண்ணுவேன், ஆனால் அறுபதுக்கு அப்புறம் ஒவ்வொரு எண்ணாக யோசிப்பேன். ஜீவனஹள்ளியில் பிறந்து, பக்கத்து அரசுப் பள்ளியில் படித்து, கார்மெண்ட்ஸில் சட்டை எண்ணுகிற ஒரு தமிழ்ப் பெண் எந்த மொழியில் எண்ணுவாள்?

நேற்று கும்பகோணத்துத் தலைவர் முன்னால் அவள் தமிழில் எண்ணினாள். கூரையைப் பார்த்தது மூச்சுக்காக இல்லை, அடுத்த எண்ணைத் தேடித்தான். இன்று சிஸ்டர் கன்னடத்தில் கேட்க, அவள் கன்னடத்தில் எண்ணியிருக்கிறாள். தினமும் கட்டுக் கட்டாக எண்ணி நாக்கில் ஏறிப்போன எண்கள். ஒரு மூச்சில் கடகடவென்று எத்தனையோ ஓடவேண்டியது, இருபத்திநான்கில் நின்றிருக்கிறது. அது ஏற்றமாக எப்படி இருக்கும்?

"ஒரு நிமிஷம் நில்லுங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஓடினேன். ஓடினேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். புடவையில் ஓடினேன்.

"மஞ்சுளா, நேத்து சார்கிட்ட எண்ணின மாதிரி எண்ணும்மா. தமிழ்ல."

அவள் இழுத்தாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு..." பதினொன்றில் நின்றுவிட்டாள்.

"மறந்துபோச்சா? இல்ல மூச்சு வரலையா?"

"தெரியலை மேடம்," என்றாள். அவளுக்கே தெரியவில்லை. இந்த நோயில் அப்படித்தான். மூச்சுக்குத் திணறுகிறவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடிப்பார்கள் என்று நினைக்காதீர்கள். இவர்களிடம் துடிக்கக்கூடத் தசை இருக்காது.

"தலையைத் தலகாணியிலேர்ந்து தூக்கு பார்ப்போம்." நேற்று தூக்கினாள். இன்று கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது, தலை அசையவில்லை. நெற்றியில் பொடிப் பொடியாக வேர்வை. நாடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. கழுத்தும் மூச்சுத் தசையும் ஏறக்குறைய சேர்ந்தே தளரும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் தெரிவது வேறு, கதவருகில் ஒரு யந்திரம் காத்திருக்கும்போது தெரிந்ததை நம்பி வாயைத் திறப்பது வேறு.

"மிஷினைத் திரும்பக் கொண்டு வாங்க," என்றேன்.

ஐந்து நிமிஷத்தில் சர்ஜரி தலைவரே வந்துவிட்டார். கன்டோன்மென்ட் தமிழர். நல்ல கை. நல்ல மனிதரும்கூட, அதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்குத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து மஞ்சுளாவின் கால்மாட்டில் நின்றார்.

"என்னம்மா விளையாட்டு? உங்க பாஸ் குடுக்கச் சொல்லியாச்சுன்னு சொன்னாங்க."

"சார், எண்ணிக்கையில ஒரு தப்பு நடந்திருக்கு. நேத்து தமிழ்ல எண்ணினா, இன்னிக்குக் கன்னடத்துல எண்ணினா. ஒரே மொழியில பார்த்தா பாதியா இறங்கியிருக்கு."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்கே நான் சொன்னது பைத்தியக்காரத்தனமாகத்தான் கேட்டது. "லாங்வேஜா? என் ஆளு அங்க டேபிள்ல திறந்து கிடக்காரு, நீ லாங்வேஜ் பேசறே. இங்க பாரு, சாச்சுரேஷன் தொண்ணூத்தேழு. பேசறா. எண்ணறா. எதுக்கு இவளுக்கு மிஷின்?"

விரலில் மாட்டிய கருவி உண்மையாகவே தொண்ணூற்றேழு காட்டியது. அதுதான் இந்த நோயின் குயுக்தி. தசை களைத்துக்கொண்டே வரும், ஆக்ஸிஜன் எண் அசையாமல் நிற்கும். தசை கைவிடுகிற நிமிஷத்தில் எண்ணும் சேர்ந்து விழும், அப்போது குழாயைப் போட நமக்கு நேரம் இருக்காது. நான் அதைச் சொன்னேன்.

"எப்போ கைவிடும்? இன்னிக்கா, நாளைக்கா?"

"தெரியாது சார்."

"என் பேஷண்ட்டுக்கு எனக்குத் தெரியும். இன்னும் அரை மணியில வேணும். அவருக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க. நாளைக்குத் தேவைப்படலாம்னு ஒருத்திக்கு வச்சுட்டு, இப்பவே தேவைப்படற ஒருத்தரை விடுவியா?"

மைசூருக்கு மறுபடி போன் போட்டேன். தேர்வு முடிந்து தலைவர் கிளம்பிவிட்டார் என்றார்கள். கைப்பேசி இல்லாத காலம். பஸ்ஸில் இருக்கிற மனிதரை எங்கே பிடிப்பது? இனி யாரிடமும் கேட்க முடியாது என்று ஆனதும், சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குத் தலை தெளிந்தது. என்னிடம் இருந்தது மூன்றே விஷயம். அதே மொழியில் எண்ணியபோது பாதி, தூக்க முடியாத தலை, காரணமில்லாத வேர்வை. அதற்கு எதிராக ஒரு தொண்ணூற்றேழு. அந்தத் தொண்ணூற்றேழை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இவளுக்கும் தேவை இப்போதுதான், நாளைக்கு இல்லை.

"சார், இவளுக்கு நான் இப்பவே குழாய் போடறேன். உங்க பேஷண்டைக் கையால பம்ப் பண்ண என் ஹவுஸ் சர்ஜன் எல்லாரையும் அனுப்பறேன். வேற மிஷினுக்கு நானே ஒவ்வொரு ஆஸ்பத்திரியா போன் போடறேன்."

"அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"நான் தடுத்தேன்னு சொல்லுங்க."

அவர் திரும்பிப் போனார். கதவு ஆடி அடங்கியது. நான் மஞ்சுளாவிடம் குனிந்து, தூங்க வைத்துக் குழாய் போடப் போகிறோம், மூச்சை யந்திரம் பார்த்துக்கொள்ளும், பேச்சு மட்டும் கொஞ்ச நாளைக்கு வராது என்றேன். அவள் கண்ணை மேலும் கீழும் அசைத்தாள்.

குழாயைப் போட்டு யந்திரத்தில் இணைத்தோம். இருட்டுவதற்குள் அவள் கை தூக்க முடியாமல் போனது. மறுநாள் காலையில் விரல் நுனிகூட அசையவில்லை. ஒரு கணம் சோதிப்பதற்காக யந்திரத்தை எடுத்துப் பார்த்தோம், நெஞ்சு எழும்பவே இல்லை. கண் மட்டும்தான் அவள். அந்த யந்திரம் மாடியில் இருந்திருந்தால், நாங்கள் அதைத் திரும்பக் கேட்டு இறக்குவதற்குள் அவள் போயிருப்பாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தலைவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். நன்றாகச் செய்தாய் என்பார் என்று எதிர்பார்த்தேன், மறைப்பானேன். "நானா இருந்தா குடுத்திருப்பேன்மா," என்றார். "எனக்கு எல்லாமே தமிழ்லதானே எண்ண வரும். கேட்டிருந்தாலும் வித்தியாசம் புரிஞ்சிருக்காது." பிறகு தானே மாடிக்குப் போய் சர்ஜரி தலைவரோடு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் என்னிடம் சொன்னதில்லை. அன்றிலிருந்து எங்கள் வார்டில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் மொழியின் முதல் எழுத்தையும் எழுதுவது பழக்கமானது. யார் எண்ண வைத்தாலும் அதே மொழியில்தான் எண்ண வைக்க வேண்டும். உருதுவும் தெலுங்கும் பிறகு சேர்ந்தன. இப்போது ஊர் முழுக்கப் புது ஆட்கள். ஆங்கிலத்தில் எண்ணுகிறவர்கள் பாதிக்குமேல் இருப்பார்கள். இருந்தாலும் கேளுங்கள். எந்த மொழி தெரியும் என்று கேட்காதீர்கள், எந்த மொழியில் எண்ணுவீர்கள் என்று கேளுங்கள்.

மாடியில் அந்தப் பெரியவருக்கு எங்கள் ஹவுஸ் சர்ஜன்களும் அவருடைய மகனும் மாறி மாறிக் கையால் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்தார்கள். நான் கேட்காத ஆஸ்பத்திரி இல்லை. மறுநாள் ஒரு யந்திரம் கடனாகக் கிடைத்தது. சில நாள் தாங்கினார். பிறகு சீழ் ரத்தத்தில் கலந்து இறந்துவிட்டார். முதலிலேயே யந்திரம் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா? சர்ஜரி தலைவர் ஒருமுறை லிஃப்டில் என்னிடம், "அவர் எப்படியும் போயிருப்பாருன்னுதான் நினைக்கிறேன்," என்றார். எனக்காகச் சொன்னாரா, உண்மையாகவே நினைத்தாரா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மஞ்சுளாவுக்கு ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றுகிற சிகிச்சை நடந்தது. வாரங்கள் ஓடின. கழுத்தில் துளை போட்டுக் குழாயை மாற்றினோம். குமார் ஷெட் வேலை முடிந்ததும் கிரீஸ் போகாத கையோடு வந்து அவள் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருப்பான். சம்பந்தி வீட்டாரும் வந்து போக ஆரம்பித்தார்கள். முதலில் தோள் அசைந்தது, பிறகு விரல். யந்திரத்தை எடுத்துவிட்டோம். அவள் தானாக மூச்சு விட்டாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த நோயாளிகள் மயக்கத்தில் இருப்பதில்லை. கை, கால், முகம் எதுவும் அசையாததால் நமக்கு அது மறந்துபோகும். கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு சம்பளம், சினிமா, பிழைப்பாளா மாட்டாளா எல்லாம் பேசுவோம். காதுக்கு இந்த நோய் ஒன்றும் செய்வதில்லை. எனக்கு இது புத்தகத்தில் தெரிந்திருந்தது. ஒரு நாள் நேரில் தெரிந்துகொண்டேன்.

கழுத்துக் குழாயின் வாயை விரலால் மூடினால் காற்று தொண்டை வழியாகப் போகும், பேச்சு வரும். மஞ்சுளாவின் கைக்கு இன்னும் அவ்வளவு தெம்பு இல்லை. அன்று நான் என் விரலை வைத்து மூடினேன். கரகரவென்று முதல் குரல் வந்தது. குமார் அழுதான், சிஸ்டர் அழுதாள். "போய் காபி வாங்கினு வா," என்றாள் குமாரிடம். அவன் ஓடினான். சிஸ்டரும் யாரோ கூப்பிட்டுப் போனாள். மஞ்சுளா என்னைப் பார்த்தாள். நான் மறுபடி மூடினேன்.

"அன்னிக்கு என் கால்மாட்டுல நின்னு பேசினீங்களே மேடம். மிஷினு எனக்கா, அந்தப் பெரியவருக்கான்னு."

விரலை எடுத்தேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். மூடினேன்.

"அவரு என்னா ஆனாரு?"

நன்றாக இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் இத்தனை வாரமாகக் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் முகங்களைப் படித்தவள் அவள். பொய் பலிக்காது என்று தெரிந்தது.

"போயிட்டாரும்மா."

அவளுக்குக் கண் இன்னும் முழுசாக மூடாது. பாதி மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் காதுப் பக்கம் இறங்கியது. நான் துடைத்தேன். மறுபடி பேச வேண்டும் என்று கண்ணால் காட்டினாள். மூடினேன்.

"அவருக்குக் குடுத்துடக் கூடாதுன்னு வேண்டிக்கினேன் மேடம். நீங்க ரெண்டு பேரும் பேசினு இருந்த நேரம் பூரா. மாரியாத்தா, அந்த டாக்டரு ஜெயிக்கக் கூடாது, அவரு ஆளுக்குப் போயிடக் கூடாதுன்னு. அந்தப் பெரியவரு யாருன்னுகூட எனக்குத் தெரியாது."

விரலை எடுத்தேன். மூச்சு வாங்கினாள். அப்படியே எடுத்துவிட்டு, களைத்துவிட்டாய், நாளைக்குப் பேசலாம் என்று சொல்லியிருந்தால் அவள் அடுத்ததைக் கேட்டிருக்க முடியாது. அந்த எண்ணம் எனக்கு வந்தது. ஆனாலும் மூடினேன்.

"அதனாலயா மேடம்?"

இவளுக்கு மட்டும் ஏன் என்று அவள் கணவன் கேட்டபோது எனக்குக் கிருமியும் நரம்பும் கைகொடுத்தன. இதற்கு எதுவும் கைகொடுக்கவில்லை. காப்பாற்றிவிட்டோம் என்று நான் நிம்மதியாகத் தூங்கிய இத்தனை நாளும் இந்தப் பெண் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, சொல்ல வாயில்லாமல் படுத்திருந்திருக்கிறாள்.

"இல்லம்மா," என்றேன். "அன்னிக்கு முடிவு எடுத்தது நான். நீ மூச்சு விட்டே, அவ்வளவுதான்."